பேட்டரிக்குக் குளிரும்

பார்த்து உட்காருங்க தம்பி. காலை அதன் மேல் வைத்துவிடாதீங்க. மூட்டை இல்லை, பேட்டரி. ஸ்வெட்டர் போட்டிருப்பதால் ஆள் மாதிரி தெரிகிறது. ஏறினபோது கண்டக்டர்கூடக் குழந்தை என்று நினைத்து, “மடியில வெச்சுக்கோங்க தாத்தா” என்றார். தூக்கிப் பார்த்த பிறகுதான் லக்கேஜ் போடணும் என்று ஆரம்பித்தார். “செத்துப்போன பேட்டரிக்கு எதுக்குப்பா லக்கேஜ்?” என்றேன். “செத்ததுதான் தாத்தா கனம் ஜாஸ்தி” என்று கிழித்துக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். படித்த பிள்ளை.

சின்னமனூர் வரைக்குமா? நல்லது. நானும் அங்கேதான். பஸ் இந்த வளைவெல்லாம் சுற்றி இறங்குவதற்குள் பேச நிறைய நேரம் இருக்கிறது. நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம், நானே பேசிக்கொள்வேன்.

என் பேர் மொக்கராசு. மேலே கடைசி ஸ்டாப்பில் இறங்கி ஏலத்தோட்டத்துக்குள் நடந்தால் ஒரு ஓடை வரும். ஓடையைத் தாண்டினால் எங்கள் ஊர், தொப்பிமேடு. ஊர் என்றால் மூன்று வீடு. அதில் ஒரு வீட்டில் ஆள் இல்லை. நான் தோட்டத்துக் காவலுக்கு வந்தவன். தோட்டம் நாலைந்து கை மாறிவிட்டது, காவல்காரன் மட்டும் மாறவில்லை. கரண்டு கிடையாது. கரண்டுக் கம்பம் நடுவதற்குக் காட்டிலாகா விடாது, யானைக்கு இடைஞ்சலாம். யானையை யாரும் கேட்கவில்லை.

அதனால் இந்த மாசியில் சர்க்காரில் வீட்டுக்கு ஒரு சோலார் தகடு, ஒரு பேட்டரி, மூன்று பல்பு கொடுத்தார்கள். தகடு கூரை மேலே, பேட்டரி உள்ளே. பேட்டரிக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு சின்னப் பெட்டி, அந்தப் பெட்டியில் ஒரு புள்ளி. பேட்டரிக்கு வயிறு நிறைந்திருந்தால் புள்ளி பச்சை. பசித்தால் மஞ்சள். சாகக் கிடந்தால் சிவப்பு. மாட்ட வந்த ஆள் மத்தியானம் வரைக்கும் விளக்கம் சொன்னார். எனக்கு விளங்கியது அந்தப் புள்ளியும், “மழையில நனையாமப் பாத்துக்கோங்க” என்று அவர் கடைசியாகச் சொன்னதும்தான். இரண்டையும் நன்றாகப் பிடித்துக்கொண்டேன்.

சித்திரை முடிகிற வரைக்கும் வெயில் சும்மா கொட்டியது. பகலிலேயே மூன்று பல்பையும் போட்டு வைத்திருந்தேன். பல்புக்கும் வீடு பழக வேண்டாமா? என் சம்சாரம் சீனித்தாய் ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வருவாள். ஆமாம் தம்பி, அப்போதெல்லாம் அணைத்தது அவள்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க, பின்னால் வேண்டியிருக்கும்.

வைகாசிக் கடைசியில் மஞ்சு இறங்கியது. மஞ்சு என்றதும் உங்களுக்கு ஏதோ புகைபோல வந்து போகிற சமாசாரம் என்று தோன்றும். இப்போது ஜன்னலுக்கு வெளியே தெரிகிறதே, இதை நாங்கள் வெயில் கணக்கில் சேர்த்துக்கொள்வோம். ஆனியில் எங்கள் கோழி கூரை மேலே உட்கார்ந்து ஒரு முட்டை இட்டது. முட்டை தரைக்கு வரவில்லை. பாதி வழியில் மஞ்சு மேலேயே உட்கார்ந்துகொண்டது. மத்தியானம் கொஞ்சம் விலகினபோதுதான் மெல்ல இறங்கி வந்தது. கீறல்கூட இல்லை. பக்கத்து வீட்டுத் தவசி இதை நம்பவில்லை. அவித்துக் கொடுத்தேன், தின்றுவிட்டு நம்பினான்.

சத்தமும் அப்படித்தான், நனைந்துபோய்விடும். தவசி காலையில் “மாமோய்” என்று கூப்பிட்டால் எனக்கு வந்து சேர சாயங்காலம் ஆகும். நான் “என்னடா” என்பதற்குள் எதற்குக் கூப்பிட்டோம் என்பதே அவனுக்கு மறந்திருக்கும். நிழலைச் சொல்லவே வேண்டாம். வைகாசியில் என் நிழலைக் கடைசியாக வாசல்படியில் பார்த்தது. அதற்குப் பிறகு எங்கே போய்ச் சாப்பிடுகிறதோ தெரியாது. போன வருசம் புரட்டாசியில்தான் திரும்பி வந்தது, ஒரு சுற்று இளைத்து.

மழை வந்ததும் நான் முதல் காரியமாகக் கூரை மேல் ஏறித் தகட்டுக்குத் தார்ப்பாய் போட்டு மூடி, நாலு மூலையிலும் கல் வைத்துவிட்டேன். நனையக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்களே.

தவசி கீழே நின்று அண்ணாந்து பார்த்தான். “மாமா, அவரு நனையக்கூடாதுன்னது பேட்டரிய. தகட்டை மூடிப்புட்டா வெளிச்சம் எப்படி உள்ள போகும்?”

“எந்த வெளிச்சம்டா? காட்டு பாப்போம்.”

“கொஞ்சநஞ்சம் வருதுல்ல. மூடாம விட்டா அதாவது ஏறும்.”

“உள்ள இருக்கிற கரண்டு அந்த வழியாவே வெளிய போயிட்டா? ஆனி மாசம் எவனாவது கதவைத் திறந்து போட்டுத் தூங்குவானா?”

தலையை ஆட்டிக்கொண்டே போனான். தன் வீட்டுத் தகட்டைத் திறந்தே போட்டிருந்தான். ஆச்சரியம் பாருங்க, அவன் வீட்டில் தினமும் கொஞ்ச நேரம் விளக்கு எரிந்தது. எங்கள் கூரையில் இடம் கிடைக்காத வெளிச்சம் வேறு எங்கே போகும், அங்கேதானே போகும்? அக்கம்பக்கத்தில் இதெல்லாம் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

எங்கள் வீட்டில் இருக்கிற கரண்டைக் காப்பாற்றும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். தேவைப்பட்டால் விளக்குப் போடலாம், ஆனால் எது தேவை என்று நான் சொல்வேன். கஷ்டமான வேலை தம்பி. சீனித்தாய்க்கு எல்லாமே தேவை. அரிசியில் கல் பார்க்கத் தேவை, பாய் விரிக்கத் தேவை, வாசலில் கிடப்பது கயிறா பாம்பா என்று பார்க்கத் தேவை. “அது கயிறா இருந்தா வெளக்கு தண்டம், பாம்பா இருந்தா அதுவே போயிரும்” என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

ஒருநாள் இருட்டில் பெருங்காயம் என்று நினைத்து என் மூக்குப்பொடியை ரசத்தில் போட்டுவிட்டாள். நன்றாகத்தான் இருந்தது. நான் இரண்டாம் தடவை வாங்கிக் குடித்தேன். அவள் கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டாள்.

“ஏன்யா, வெளக்கு எரிக்கிறதுக்கா, பூட்டி வைக்கிறதுக்கா?”

“நாளைக்கு ஒரு அவசரம்னா என்ன செய்வ?”

“இன்னைக்கு இருட்டுல விழுந்து என் இடுப்பு போனா அது அவசரம் இல்லையா?”

“அது இன்னைக்கு அவசரம். நான் சொல்றது நாளைக்கு அவசரம்.”

இதற்கு மேல் ஒரு மனுஷன் எப்படி விளக்க முடியும்?

உண்மையைச் சொன்னால் எங்கள் வீடு இருட்டாகவே இல்லை. அந்தப் பச்சைப் புள்ளி இருந்தது. சாப்பிட்டு முடித்ததும் சுவருக்கு எதிரில் பலகையைப் போட்டு உட்கார்ந்துகொள்வேன். வெளியே மழை கொட்டும், உள்ளே ஒன்றும் தெரியாது, அது மட்டும் கடுகளவுக்குப் பச்சையாக நின்றுகொண்டிருக்கும். அதைப் பார்க்கப் பார்க்க வயிறு குளிர்ந்துபோகும். பல்பு எரிந்தால் என்ன தெரியப்போகிறது? அதே சட்டி, அதே நாங்கள். இதுவென்றால் நம்மிடம் இருக்கிறது என்று தெரியும். “நீயும் வந்து பாரேன்” என்று அவளைக் கூப்பிட்டேன். “பாத்துட்டேன்” என்று இருட்டிலிருந்து பதில் வந்தது. எந்த மூலையிலிருந்து என்று தெரியவில்லை.

இப்போது போன் விஷயத்துக்கு வருகிறேன். எல்லாரும் என்னைக் குற்றம் சொல்வது அதில்தான், அதனால் கொஞ்சம் கவனமாகக் கேளுங்க.

எங்களுக்கு ஒரே மகள், செவ்வந்தி. சின்னமனூரில் கட்டிக் கொடுத்திருக்கிறது. மாப்பிள்ளை அரிசி மில்லில் இருக்கிறார். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் பார்க்க வேண்டும். ஆனால் அடைமழையில் வயிற்றுப் பிள்ளைக்காரியை ஓடை தாண்டிக் கொண்டுவர முடியுமா? அதனால் தாய்வீடு கீழே இறங்கிப் போவது என்று பேசி முடித்தோம். ஆவணியில் நாள் குறித்திருந்தார்கள். இடுப்பு நோவு கண்டதும் அங்கிருந்து போன் வரும், ரேஷன் சாமான் கொண்டுவருகிற அந்தோணியின் ஜீப்பில் சீனித்தாய் கிளம்பிப் போய்விடுவாள். ஆடியிலேயே போய் இருக்கிறேன் என்றாள். இன்னும் ஒரு மாசம் இருக்கும்போது எதற்கு? எனக்குக் கஞ்சி வைக்க ஆள் வேண்டாமா?

எங்கள் வீட்டில் போனுக்கு சிக்னல் கிடைப்பது ஜன்னல் கம்பியில் மட்டும்தான். மஞ்சப்பைக்குள் போட்டுக் கம்பியில் தொங்கவிட்டிருப்போம். எடுத்துக் காதில் வைத்தால் சிக்னல் போய்விடும், அதனால் பைக்குள் தலையை விட்டுத்தான் பேச வேண்டும். மகளும் தாயும் தினமும் பேசினார்கள். பையிலிருந்து தலையை எடுக்கவே மாட்டாள். அப்புறம் அதைப் பேட்டரியில் சார்ஜ் போடுவாள். நான் போய்ப் புள்ளியைப் பார்ப்பேன், மஞ்சளுக்கு வந்திருக்கும், போனைக் கழற்றினால்தான் பச்சைக்குத் திரும்பும். பல்பாவது எரிவது கண்ணுக்குத் தெரிகிறது தம்பி. போன் குடிப்பது வெளியே தெரியாது. கமுக்கமாகக் குடிக்கிற ஆட்களைப்போல.

அதனால் போனுக்கு இனிமேல் கரண்டு இல்லை, ஆவணி வரட்டும் என்று சொன்னேன். அவள் போனைத் தூக்கிக்கொண்டு தவசி வீட்டுக்குப் போய்விட்டாள். நான் பின்னாலேயே போய் வாங்கிக்கொண்டு வந்தேன். நம் வீட்டுப் பெட்டியில் பச்சை எரியும்போது நம் போன் அடுத்த வீட்டில் கையேந்துவதா? மானம் என்று ஒன்று இருக்கிறது இல்லையா? போன் அணைந்துபோனது. பையில் தொங்கியபடியே இருந்தது, அதை நான் எடுக்கவில்லை. அது எனக்கு இடைஞ்சலாக இல்லை.

ஆடி பிறந்து கொஞ்ச நாளில் அந்தோணி ரேஷன் சாமான் ஏற்றிக்கொண்டு வந்தான். ஓடைக்கு அந்தப் பக்கமிருந்தே ஹாரன் அடித்தான். அது எப்படியோ உடனே வந்து சேர்ந்தது. ஜீப்பை அங்கேயே விட்டுவிட்டு ஆளும் வாசலுக்கு வந்துவிட்டான்.

“அத்தே! செவ்வந்திக்குப் பொம்பளப் பிள்ளை. முந்தாநாளே பொறந்திருச்சு. எத்தனை தரம் போன் போட்டிருக்காக தெரியுமா? கொறமாசம், கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சிருக்காக.”

சீனித்தாய் கரண்டியோடு நின்றாள். என்னைத் திட்டுவாள் என்று நான் ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தேன். நல்ல பதில் தம்பி, இப்போதுகூட ஞாபகம் இருக்கிறது. குழந்தை ஒரு மாசம் முந்திக்கொண்டு பிறந்தால் அதற்குப் பேட்டரி என்ன செய்யும்? ஆனால் அவள் கேட்கவில்லை. உள்ளே போனாள். மூன்று சுவிட்சையும் டப் டப் டப் என்று தட்டிவிட்டாள். பட்டப்பகலில் மூன்று பல்பும் எரிகின்றன. வெளியே வந்தாள், ஓடையைத் தாண்டி ஜீப்பில் ஏறினாள், போய்விட்டாள். அடுப்பில் சோறு கொதிக்கிறது. ஸ்வெட்டர் ஆணியில் தொங்குகிறது. நான் ஓடிப்போய் விளக்கை அணைத்துவிட்டுச் சோற்றை வடித்தேன்.

எனக்கு ஒரு குறையும் இல்லை. நன்றாகச் சமைத்துச் சாப்பிட்டேன். அந்த மூக்குப்பொடி ரசத்தை நானே வைத்துப் பார்த்தேன், அந்த ருசி வரவில்லை. பொடி வேறு கம்பெனி, அதனால் இருக்கும்.

அன்றைக்குப் பொழுது இறங்கியதும் ஒரு காட்டுமாடு வந்தது. லாரி தண்டி. வாசலில் நின்று மூச்சு விடுகிறது, மூச்சுக் காற்றில் கதவு திறந்து மூடுகிறது. இதற்கு விளக்குத்தான் மருந்து என்று மூன்று பல்பையும் போட்டேன். போய்விட்டது. ஆனால் காட்டுமாடு திரும்பி வரக்கூடியது. அதனால் விடிகிற வரைக்கும் எரியவிட்டேன். மறுநாளும் எரியவிட்டேன். வாசல் பல்பைக் கழற்றி, வயரை இழுத்து, பாதைப் பக்கமாகத் திருப்பி உயரமாகக் கட்டினேன். மஞ்சில் ஓடை வரைக்கும் ஒரு வெள்ளைத் திட்டாகத் தெரிந்தது.

தவசி வந்து பார்த்தான். அவனுக்கு எதைப் பார்த்தாலும் ஒரு கேள்வி இருக்கும்.

“மாமா, காட்டுமாடு மேக்க சோலைக்குள்ள இருந்துல்ல வரும்? நீரு ஜீப்பு வர்ற பக்கமால்ல வெளக்கு கட்டியிருக்கீரு?”

“காட்டுமாடு ஜீப்புல வராதுன்னு உனக்கு யார்றா சொன்னது?”

போய்விட்டான். இப்படியே தினமும் எரிந்ததில் பச்சை மஞ்சளாகி, மஞ்சள் சிவப்பாகி, ஒருநாள் புள்ளியே இல்லை. பெட்டியைத் தட்டிப் பார்த்தேன். பேட்டரி போய்விட்டது. இப்போது நீங்களே சொல்லுங்க. அவள் வீட்டில் இருந்தவரைக்கும் பேட்டரி நன்றாக இருந்தது. அவள் போனதும் செத்தது. யார் காரணம் என்று தெளிவாகத் தெரிகிறதா இல்லையா?

இதற்கு நடுவில் அந்தோணி இன்னொரு தடவை வந்தான். கீழே இருந்து சேதி. “அத்தே இனிமே மலையேற மாட்டாகளாம். பேத்தியோடயே இருந்துக்கிருவாகளாம்.” அது அவள் இஷ்டம். பெரிய மனுசி. நான் “சரி” என்று சொல்லிவிட்டேன். அவன் போனபிறகும் இன்னொரு தடவை சொன்னேன்.

பிள்ளை இப்போது வீட்டுக்கு வந்துவிட்டதாம். அந்தோணி சொன்னான், அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு மேலே பல்பு போட்டு வைத்திருந்தார்களாம், சூட்டுக்காக. ராத்திரி பகல் அணைக்கவே இல்லையாம். பிள்ளை கைக்குள் அடங்குகிற அளவாம், அந்த வெளிச்சத்தில்தான் பிழைத்துக் கிடந்ததாம். எவ்வளவு கரண்டு குடித்திருக்கும் என்று கணக்குப் போடலாம் என்று உட்கார்ந்தேன். போடவில்லை. அதற்கெல்லாம் கணக்குப் பார்க்கக்கூடாது.

அட, வெயில்! பார்த்தீங்களா தம்பி? இந்த வளைவு தாண்டினால் மஞ்சு மேலேயே நின்றுவிடும். அதோ என் கை நிழல், சீட்டு முதுகில். பரவாயில்லை, இந்த வருசம் அவ்வளவாக இளைக்கவில்லை.

இனி இதற்கு ஸ்வெட்டர் வேண்டாம். கொஞ்சம் பிடிங்க, கழற்றிவிடுகிறேன். கை இரண்டும் முடிச்சுப் போட்டிருக்கிறது. குளிர் பட்டால் பேட்டரிக்குச் சக்தி குறையுமாம், மாட்ட வந்த ஆள் இதையும் சொன்னதாக இப்போதுதான் ஞாபகம் வந்தது. இவளுடையது ஆணியில் சும்மா தொங்கியது, அதான் போட்டுக் கொண்டுவந்தேன். வேறு ஒன்றும் இல்லை. நான் மடியில் வைத்துக்கொள்கிறேன். திரும்ப ஏறும்போது வேண்டும் இல்லையா? பேட்டரிக்கு.

என்ன கேட்டீங்க? சார்ஜ் போடுகிற கடையா? இருக்கிறது, பஸ் ஸ்டாண்டு வாசலிலேயே இருக்கிறது. ஆனால் கடைக்காரனை எப்படி நம்புவது? மாப்பிள்ளை வீட்டில் கரண்டு இருக்கிறது, அங்கே போட்டால் நம் கண் முன்னால் ஏறும். அந்த வீட்டில் அவளும் இருந்தால் அதற்கு நான் என்ன செய்ய? நான் போவது பேட்டரி வேலையாக.

ஒரு உபகாரம் தம்பி. உங்கள் போனில் சார்ஜ் இருக்கிறதா? நிறைய இருக்கிறதா? ஒரு போன் போட்டுக் கொடுங்க. மகள் வீட்டு நம்பர் மனப்பாடம், பைக்குள் தலையை விட்டபடி அவள் தினமும் சத்தமாகச் சொல்லுவாள். சொல்கிறேன், அமுக்குங்க. பேட்டரி வருகிறது, ஒரு பிளக் காலியாக வையுங்கள் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

மணி அடிக்கிறதா? யார் எடுத்தது? கொஞ்சம் கரகரப்பான குரலா? அவள்தான். வேண்டாம் வேண்டாம், என்னிடம் கொடுக்காதீங்க, எனக்கு பஸ்ஸில் காது கேட்காது. நீங்களே பேசுங்க. பக்கத்து சீட்டுக்காரர் என்று சொல்லுங்க. பேட்டரி வருகிறது என்று சொல்லுங்க.

என்ன கேட்கிறாள்? தனியாகவா வருகிறது என்றா? கூட ஒரு ஆள் வருகிறது என்று சொல்லுங்க. பிடித்துக்கொள்ள.

அப்புறம்? சாப்பிட்டாச்சா என்றா? பேட்டரியைக் கேட்கிறாளா, ஆளைக் கேட்கிறாளா? சரி விடுங்க, இரண்டுக்கும் இல்லை என்று சொல்லுங்க.

என்னது? தினமும் விடியவிடிய விளக்கு எரிந்ததாமே, யாருக்காகப் போட்டது என்று கேட்கிறாளா? இது தவசி வேலை. அவன் வாய் நனையாத வாய் தம்பி. காட்டுமாட்டுக்கு என்று சொல்லுங்க. ஆமாம், அப்படியே சொல்லுங்க. பெரிய காட்டுமாடு.

ஏன் பேசாமல் இருக்கீங்க? வைத்துவிட்டாளா? இல்லையா? சிரிக்கிறாளா, அழுகிறாளா? நன்றாகக் கேளுங்க தம்பி, அவளுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் வரும். பின்னால் குழந்தை அழுகிறதா? எனக்குக் கேட்கவில்லையே. கொஞ்சம் இப்படிக் காட்டுங்க.

ம்.

ம்.

நல்ல தொண்டை. ஓடையைத் தாண்டிக் கேட்கும். இந்தாங்க, பிடிங்க. அவள் மறுபடியும் ஏதோ சொல்கிறாள், என்னவென்று கேட்டுச் சொல்லுங்க.

ஆவணி பிறந்ததும் காட்டுமாடு மலையேறுமாமா? அப்படியா சொன்னாள்? அதற்கு முன்னால் தகட்டு மேல் கிடக்கிற தார்ப்பாயை எடுத்திருக்க வேண்டுமாமா? போனை முதலில் சார்ஜ் போடணுமாமா? தார்ப்பாயை எடுப்பதா? நனைந்தால் யார் பொறுப்பு? யோசிக்கணும் என்று சொல்லுங்க. வேண்டாம், சொல்லாதீங்க. சரி என்று சொல்லுங்க. வைத்துவிட்டாளா? சரி என்றது காதில் விழுந்ததா இல்லையா? விழுந்ததா. விழுந்தால் சரி.

அட, மில்லு ஸ்டாப் வந்துவிட்டது! கண்டக்டர் தம்பி, நிறுத்துங்க, ஆள் இறங்கணும்! வருகிறேன் தம்பி. நல்லா இருங்க. மேலே வந்தால் தொப்பிமேட்டுக்கு வாங்க, ரசம் வைத்துக் கொடுக்கச் சொல்கிறேன். நகருங்கம்மா, நகருங்க. அப்பாடா. என்ன வெயில், என்ன வெயில்.

என்ன தம்பி, ஜன்னல் வழியாகக் கத்துறீங்க? மறந்துவிட்டேனா? எதை? ஒன்றும் மறக்கவில்லையே. ஸ்வெட்டர் இதோ கையில்தானே இருக்கிறது!